ஆற்றல் சோதனைப் பெட்டி: சாட்ஸ்வர்த் சனிக்கிழமை வகுப்பில் ஓராண்டு பயன்படுத்திய பின் என் மதிப்பீடு

டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வர்த்தில், எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில், சனிக்கிழமைதோறும் எட்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லித் தருகிறேன். ஐவர் பத்தாம் வகுப்பு. மூவர் பள்ளி இறுதித் தேர்வான மெட்ரிக் எழுதவிருக்கும் பன்னிரண்டாம் வகுப்பு. முப்பது ஆண்டுகள் பள்ளியில் இதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், ஆற்றல் என்ற பகுதியில் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். சூத்திரத்தில் அவர்கள் தடுமாறுவதில்லை. நிறையையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கச் சொன்னால் நொடியில் பெருக்கிவிடுவார்கள். வந்த எண் எதைக் குறிக்கிறது, அது பிறகு எங்கே போயிற்று என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். இந்த அமைதியைக் கலைக்க உதவும் என்று நம்பி, கடந்த ஆண்டு ஜனவரியில் பள்ளி திறந்தபோது, ஆற்றல் சோதனைகளுக்கென்றே தயாரான ஒரு பெட்டியை இணையக் கடையொன்றில் 1,450 ரேண்டு கொடுத்து வாங்கினேன். இதே பெட்டி வெவ்வேறு பெயர்களில், வெவ்வேறு நிற அட்டைகளில் விற்கப்படுவதால், பெயரைச் சொல்வதைவிட உள்ளே இருப்பதைச் சொல்வதே வாங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

உள்ளே இருந்தவை இவை: நடுவே காடி வெட்டிய அலுமினியத் தண்டவாளம் இரண்டு துண்டுகள், அவற்றை இணைக்க வளைந்த ஒரு துண்டு, 28 கிராம் எடையுள்ள எஃகுக் குண்டு, குண்டு குறுக்கே போகும் நேரத்தைக் குறிக்கும் இரண்டு ஒளி உணரிகள், ஒரு சுருள்வில், கையால் சுற்றும் சிறிய மின்னியற்றி, அதில் மாட்டக்கூடிய நூல் உருளை, இழை பல்பு ஒன்று, எல்.இ.டி. ஒன்று, மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் 1 ஃபாரட் மின்தேக்கி, மின்னழுத்தமானி, நீரைச் சூடாக்கும் சிறு கம்பிச்சுருள், அதற்கான மின் இணைப்பு, எஃகுக் குவளை, மூடியுள்ள தெர்மாகோல் குவளை, வெப்பமானி, 48 பக்கக் கையேடு. தராசு இல்லை. சமையலறைத் தராசு கட்டாயம் வேண்டும் என்பதைக் கையேடு 11ஆம் பக்கத்தில்தான் சொல்கிறது. அட்டைப் பெட்டியின் மீதே அச்சிட்டிருக்க வேண்டிய செய்தி அது.

முதலில் தண்டவாளத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் பெட்டியின் பெரிய பிழையும், எங்கள் வகுப்புக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடமும் ஒரே இடத்தில் இருந்தன. தண்டவாளத்தைச் சாய்த்து, 20 செ.மீ. உயரத்திலிருந்து குண்டை விட்டு, அடியில் அதன் வேகத்தை அளக்கச் சொல்கிறது கையேடு. நிலை ஆற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாக மாறினால் வேகம் நொடிக்கு 1.98 மீட்டராக இருக்கும், அளந்த வேகம் அதைவிடக் குறைந்தால் அந்தக் குறை உராய்வால் ஏற்பட்ட இழப்பு என்று எழுதியிருக்கிறது. நாங்கள் இருபது முறை விட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் 1.6 மீட்டருக்குப் பக்கத்தில்தான் நின்றது. தொடக்கத்தில் குண்டிடம் இருந்தது 55 மில்லிஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிஜூல்); அடியில் அளந்த வேகத்துக்குரிய இயக்க ஆற்றல் 36 மில்லிஜூல். கையேட்டின்படி மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் உராய்வில் போய்விட்டது என்றாகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் எழுதவில்லை. அவள் வளைந்த துண்டைப் பொருத்தி, இரண்டாவது தண்டவாளத்தை எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்து, குண்டை மறுபடி விட்டாள். இறங்கிய குண்டு எதிர்ச் சரிவில் 17 செ.மீ. உயரம் ஏறி நின்றுவிட்டுத் திரும்பியது. தரையை எட்டும்போதே மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்ட குண்டு 13 செ.மீ.க்கு மேல் ஏறக் கூடாது. ஏறியது 17. 'சார், போனதாகச் சொன்னது எப்படித் திரும்பி வந்தது?' என்று அவள் கேட்டபோது, வகுப்பில் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. முப்பது ஆண்டுகளில் நான் எதிர்பார்த்துக் காத்திருந்த கேள்விகளில் அது ஒன்று.

விடை எளிதானது. குண்டு வழுக்கிக்கொண்டு இறங்கவில்லை, உருண்டுகொண்டு இறங்கியது. உருளும் பொருளுக்கு முன்னே நகர்வதற்கான இயக்க ஆற்றல் ஒன்று, தன்னைத்தானே சுற்றிக்கொள்வதற்கான இயக்க ஆற்றல் இன்னொன்று என இரண்டும் வேண்டும். திண்மக் கோளம் ஒன்று சமதளத்தில் உருளும்போது, மொத்த இயக்க ஆற்றலில் ஏழில் ஐந்து பங்கு நகர்வதற்கும் ஏழில் இரண்டு பங்கு சுழல்வதற்கும் போகிறது. காடியில் உருளும்போது சுழற்சியின் பங்கு இன்னும் சற்றுக் கூடும். எங்கள் குண்டின் கணக்கு இப்படி முடிந்தது: நகர்வில் 36, சுழற்சியில் குறைந்தது 14, ஒலியிலும் உராய்விலும் உண்மையாகவே கையைவிட்டுப் போனது ஏறத்தாழ 5 மில்லிஜூல். உராய்வே இல்லாத தண்டவாளமாக இருந்திருந்தால் குண்டு சுழன்றே இருக்காது. வழுக்கிக்கொண்டு இறங்கி 1.98ஐத் தொட்டிருக்கும். அதாவது, கையேடு யாரைக் குற்றவாளி என்றதோ அந்த உராய்வு, குண்டைச் சுழல வைத்ததைத் தவிரப் பெரிதாக எதையும் திருடவில்லை. வழுக்கும் கட்டைக்கான சூத்திரத்தை எடுத்து உருளும் குண்டுக்குப் போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

இந்தப் பிழையை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்று ஒரு பக்கத்தில் அச்சிட்டுவிட்டு, அடுத்த பக்கத்தில் கணக்கில் இடிக்கிற ஒவ்வொரு குறையையும் உராய்வின் தலையில் கட்டுவது, பிள்ளைக்கு விதியின் மீதுள்ள நம்பிக்கையையே தளர்த்திவிடும். ஆற்றல் அழிவின்மை விதி ஒரு கணக்குப் பேரேடு போன்றது. வரவில் 55 இருந்தால் செலவில் 55 இருந்தாக வேண்டும். இல்லையென்றால் எழுத மறந்த ஒரு செலவு எங்கோ இருக்கிறது என்று பொருள். அந்தச் செலவைத் தேடிப் பிடிப்பதுதான் இயற்பியல். மெட்ரிக் தேர்வில் 'உராய்வு இல்லை எனக் கொள்க' என்று தொடங்கும் கேள்விகள் மிகுதி. அவற்றில் ஊறிய பிள்ளைகளுக்கு இந்தத் தேடல் பழக்கமே வராமல் போகிறது என்பது என் நெடுநாள் கவலை.

கையால் சுற்றும் மின்னியற்றிக்காக மட்டுமே இந்தப் பெட்டியை வாங்கலாம் என்பேன். எதையும் இணைக்காமல் கைப்பிடியைச் சுற்றினால் அது காற்றைப் போல் இலேசாகச் சுற்றும். எல்.இ.டி.யை இணைத்தால் கொஞ்சம் கனக்கும். இழை பல்பை இணைத்தால் கைப்பிடி கெட்டித் தேனில் கரண்டி விட்டுக் கிண்டுவது போல இறுகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிள்ளை சுற்ற, இன்னொரு பிள்ளை கம்பியை இணைத்தும் பிரித்தும் விளையாடினால், பல்பு எரிகிறதா இல்லையா என்பதைச் சுற்றுகிறவர் கையே சொல்லிவிடும். மின்னியற்றிக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் அது சுழற்சியை எதிர்க்கும் விசையை உண்டாக்குகிறது. அந்த எதிர்ப்பை மீறித் தள்ளும்போது நாம் செய்யும் வேலைதான் பல்பில் ஒளியாகவும் வெப்பமாகவும் வருகிறது. வேலை என்ற சொல்லை, விசையும் விசையின் திசையில் கடந்த தூரமும் பெருக்கி வருவது என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! கை கனத்த அந்த நொடியில்தான் பலருக்கு அது விளங்கியது.

இதையே எங்கள் நாட்டு மின்வெட்டோடு சேர்த்துச் சொன்னேன். தென்னாப்பிரிக்காவில் 2007ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சுழற்சி முறை மின்வெட்டு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்ததை இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்தே பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது ஏன் சுழற்சி முறையில் வந்தது என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. மாலையில் எல்லா வீட்டிலும் அடுப்பும் கீசரும் போடப்படும்போது, பல நூறு கிலோமீட்டர் தள்ளி முபுமலங்கா மாகாணத்தில் நிலக்கரி எரித்துச் சுற்றும் மின்னியற்றிகளுக்கு, பல்பு இணைத்த எங்கள் கைப்பிடியைப் போலவே கனம் கூடுகிறது. தள்ளுகிற நீராவி போதாவிட்டால் சுழற்சி மெல்லக் குறைந்து, நொடிக்கு 50 சுழற்சி என்ற அலைவெண்ணும் இறங்கும். அதற்கு முன்னால் எங்காவது சில பகுதிகளின் இணைப்பைத் துண்டித்துக் கனத்தைக் குறைத்தால்தான் முழு வலையமைப்பும் சாய்ந்துவிடாமல் நிற்கும். இதைக் கேட்ட ஒரு பையன், பல்பை இணைத்துவிட்டு, கை சோர்ந்து வேகம் குறைய ஒளி மங்குவதையும், கம்பியை உருவியதும் கைப்பிடி மறுபடி துள்ளிச் சுற்றுவதையும் தானே செய்து காட்டினான். கையேட்டில் இல்லாத சோதனை அது.

அடுத்து, மின்னியற்றியில் நூல் உருளையை மாட்டி, நூலில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைக் கட்டி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து இறங்கவிட்டோம். பொட்டலம் நான்கு நொடியில் நிதானமாக இறங்கி மின்தேக்கியை ஏற்றியது. வரவு 9.8 ஜூல். மின்தேக்கியில் மின்னழுத்தம் 1.6 வோல்ட், மின்தேக்குத்திறனில் பாதியை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கினால் 1.28 ஜூல். பயனுறுதிறன் நூற்றுக்கு 13. மீதி எங்கே என்று தேடினோம். பொட்டலம் தரையைத் தொடும்போது அதன் வேகத்தில் இருந்தது மிகச் சொற்பம். பெரும்பகுதி பற்சக்கரங்களின் உராய்விலும் கம்பிச்சுருளின் சூட்டிலும் போயிருக்கிறது. இருபது முறை தொடர்ந்து செய்தபின் மின்னியற்றியின் முதுகைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இளஞ்சூடாக இருந்தது. நூற்றுக்கு 13 என்பது கேட்பதற்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் விலை குறைந்த பிளாஸ்டிக் பற்சக்கரத்திடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது, கையேடும் இந்த இடத்தில் போலியான எண் எதையும் அச்சிடாமல் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பது பாராட்டத் தக்கது.

இந்தச் சர்க்கரைப் பொட்டலத்தை வைத்தே திறனுக்கும் ஆற்றலுக்கும் உள்ள வேறுபாட்டையும் முடித்தேன். வீட்டில் நாம் 'கரண்ட்' என்ற ஒரே சொல்லில் வாட், யூனிட், மின்னோட்டம் மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். 2,000 வாட் கெட்டிலை மூன்று நிமிடம் போட்டாலும், 5 வாட் செல்போன் சார்ஜரை இருபது மணி நேரம் போட்டாலும் ப்ரீபெய்டு மீட்டரில் கழிவது அதே பத்தில் ஒரு யூனிட்தான். ஒரு யூனிட் என்பது 36 இலட்சம் ஜூல். இழப்பே இல்லாமல் பயன்படுத்த முடிந்தால் ஆயிரம் கிலோ எடையுள்ள காரை 367 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும். 150 லிட்டர் கீசர் தண்ணீரை 20 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 7 யூனிட் தேவை. எங்கள் மின்னியற்றியைச் சுற்றி நொடிக்கு 5 ஜூல் வீதம் கொடுக்க முடியும் என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு குளியல் தொட்டித் தண்ணீருக்கு இரவு பகல் ஓயாமல் 58 நாள் சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவன் ஒருவன், மறுவாரம் வந்து, வீட்டில் கீசரை யாரும் வீணாகப் போட விடுவதில்லை என்றான்.

உயரத்தில் வைத்த நீர் என்பது சேமித்து வைத்த ஆற்றல் என்பதற்கு எங்கள் மாகாணத்து எல்லையிலேயே கண்முன் சான்று இருக்கிறது. லேடிஸ்மித் அருகே டிராக்கென்ஸ்பர்க் மலைச்சரிவில் உள்ள இங்குலா நிலையத்தில், தேவை குறைந்த நேரத்தில் கீழ் அணையிலிருந்து மேல் அணைக்கு நீரை ஏற்றி வைத்து, தேவை உச்சத்தில் இருக்கும்போது அதைத் திறந்துவிட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஒவ்வொன்றும் 333 மெகாவாட் திறனுள்ள நான்கு எந்திரங்கள், மொத்தம் 1,332 மெகாவாட். 2017இல் முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. இரண்டு அணைகளுக்கும் இடையே உயர வேறுபாடு 400 மீட்டருக்கும் மேல் என்பதால், இறங்கி வரும் ஒவ்வொரு ஆயிரம் லிட்டரும் ஏறத்தாழ ஒரு யூனிட்டைத் தருகிறது. ஏற்றுவதற்குச் செலவான அளவு திரும்பக் கிடைப்பதில்லை. இத்தகைய நிலையங்களில் நான்கு யூனிட் போட்டால் மூன்று யூனிட் அளவுக்கே திரும்பும். எங்கள் நூல் உருளையின் பெரிய அண்ணன் என்று பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெப்பச் சோதனைகள் ஒழுங்காக வேலை செய்கின்றன. அவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. 9 வாட் கம்பிச்சுருள் 100 கிராம் நீரைப் பத்துப் பாகை சூடாக்கக் கணக்குப்படி 7 நிமிடம் 45 நொடி ஆக வேண்டும். மூடிய தெர்மாகோல் குவளையில் 8 நிமிடம் 40 நொடியும், எஃகுக் குவளையில் பத்து நிமிடமும் ஆயின. எஃகுக் குவளை தானும் சூடாவதற்கு எடுத்துக்கொண்ட பங்கைக் கணக்கில் சேர்க்கக் கையேடு மறந்துவிட்டது. குவளையை எடை போட்டால் அதையும் சேர்த்துவிடலாம். இதோடு ஜேம்ஸ் ஜூலின் கதையையும் சொன்னேன். மான்செஸ்டர் பக்கத்தில் பீர் தயாரிக்கும் குடும்பத்தில் பிறந்த அவர், 1840களில், எடைகளை இறங்கவிட்டு நீருக்குள் துடுப்புகளைச் சுழற்றி, நீரின் வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பொறுமையாக அளந்தார். வெப்பமும் வேலையும் ஒரே நாணயத்தின் மாற்று என்பதை உறுதிப்படுத்தியதில் அந்த அளவீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் கண்ட விகிதப்படி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் சுற்றுலா போகும் நாமெல்லாம் நின்று பார்க்கும் 95 மீட்டர் ஹோவிக் அருவியில், விழும் நீர் காற்றுக்கு எதையும் கொடுக்காமல் கீழே வந்து சேர்ந்தால், ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்குதான் சூடேறியிருக்கும். அவ்வளவு பேரிரைச்சலுக்கு இவ்வளவு சிறிய சூடா என்று பிள்ளைகள் வியந்தார்கள். வெப்பம் எவ்வளவு பெரிய தொகையை எவ்வளவு அமைதியாக விழுங்கிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சுருள்வில்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். அதன் உறையில் மீட்டருக்கு 50 நியூட்டன் என்று அச்சிட்டிருக்கிறது. அரை கிலோ எடையைத் தொங்கவிட்டால் வில் 12 செ.மீ. நீள்கிறது; அதன்படி உண்மையான மதிப்பு 41க்கும் குறைவு. அச்சிட்ட எண்ணை நம்பிக் கணக்கிட்டால், வில்லில் சேர்ந்த ஆற்றல் இருப்பதைவிட நூற்றுக்கு 22 கூடுதலாக வரும். அந்தப் பொய்யான உபரியையும் பிள்ளைகள் உராய்வுக்கே எழுதி வைப்பார்கள். கடைக்கு எழுதினேன், மன்னிப்புக் கேட்டு வேறொரு வில்லை அனுப்பினார்கள், அதுவும் அப்படியே இருந்தது. வாங்குவோர் முதல் நாளே எடை தொங்கவிட்டு அளந்து, உறையில் உள்ள எண்ணை அடித்துவிட்டுச் சரியான எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். செப்டம்பரில் மின்னியற்றியின் பற்சக்கரத்தில் ஒரு பல் உடைந்தபோது, அதே கடை பணம் எதுவும் கேட்காமல் ஒன்பது நாளில் மாற்றித் தந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கையேடு ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கிறது. நிலை ஆற்றல், இயக்க ஆற்றல், வேலை, திறன், பயனுறுதிறன், தன்வெப்ப ஏற்புத்திறன் ஆகிய சொற்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிட்டேன். தமிழில் பாடம் கேட்க வரும் பிள்ளைகளுக்கு அது போதுமானதாக இருந்தது. 'திறன்' என்ற சொல் திறமையையும் குறிப்பதால் முதலில் ஒரு சிறு குழப்பம் வந்தது. ஒரு நொடியில் எத்தனை ஜூல் என்று கேட்டால் அதுதான் திறன் என்று சொன்னதும் தெளிந்துவிட்டது.

பத்தாம் வகுப்பில் எந்திர ஆற்றலின் அழிவின்மையைப் படிக்கும் பிள்ளைக்கும், பன்னிரண்டாம் வகுப்பில் வேலை–ஆற்றல் தேற்றத்தைப் படிக்கும் பிள்ளைக்கும் இந்தப் பெட்டி ஏற்றது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். தனியாக ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் போனால், 19ஆம் பக்கத்துத் தண்டவாளச் சோதனை அதற்குத் தவறான பாடத்தைத்தான் கற்றுக்கொடுக்கும். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடச் சொல்ல மாட்டேன். எதிர்ச் சரிவையும் சேர்த்து வைத்துச் செய்யுங்கள் என்று சொல்வேன். கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்னியற்றியைத் தவிர மற்றவை சலிப்பாக இருக்கும், அவர்களுக்காக 1,450 ரேண்டு செலவழிக்கத் தேவையில்லை.

எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு கைப்பிடி போதவில்லை என்பதால், வரும் ஜனவரிக்கு இரண்டாவது பெட்டியும் சொல்லி வைத்திருக்கிறேன். வில் வேண்டாம், அதற்குப் பதிலாக இன்னொரு எஃகுக் குண்டு அனுப்புங்கள், கூடவே அதே அளவில் உள்ளீடற்ற ஒரு குண்டும் கிடைத்தால் நல்லது என்று கேட்டிருக்கிறேன். உள்ளீடற்ற குண்டு சுழற்சிக்கு இன்னும் பெரிய பங்கை எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்கும், அதை எந்தப் பிள்ளை முதலில் கண்டுபிடித்துக் காரணம் சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.